மானூர் பஸ்ஸில் ஆரம்பிக்கும் வரலாறு

கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர்களுக்குத் தெரியும், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் காமர்ஸோ கம்ப்யூட்டரோ கிடைக்காமல் கடைசியில் பி.ஏ. வரலாற்றுக்கு வந்தவர்கள். அப்படி வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டே ஒரு மனிதர் பணிக்காலம் முழுக்க எங்கள் பாளையங்கோட்டையில் என்ன செய்தார் என்பதைப் பக்கத்து மேசையில் இருந்து பார்த்தவன் நான். போன வருடம் சார் காலமாகிவிட்டார். பேரைப் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் சார் என்றே எழுதுகிறேன்.

நான் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்தபோது அவர்தான் துறைத்தலைவர். எனக்குக் கொடுத்த முதல் பாடம் சோழர் கால ஊராட்சி. எல்லாரையும் போல நானும் உத்திரமேரூர் குடவோலை முறையைத் தயார் செய்துகொண்டு போனேன். சார் நோட்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு தம்பி. ஆனா நம்ம பிள்ளைகள்ல யாரு உத்திரமேரூரைப் பாத்திருக்கா? ஜங்ஷன்ல இருந்து சங்கரன்கோவில் பஸ்ல ஏறுனா மானூர் வந்துரும். முதல்ல அங்க கூட்டிட்டுப் போங்க” என்றார்.

மானூர் அம்பலவாணசுவாமி கோயிலில் மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் 35ஆம் ஆட்சியாண்டு வட்டெழுத்துக் (தமிழை எழுதிய பழைய எழுத்துமுறை) கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 800 வாக்கில் வெட்டியது. பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு (919, 921) நூறு வருடமாவது மூத்தது. ஊர்ச் சபையில் உட்கார யாருக்குத் தகுதி, எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் மறுத்து முட்டுக்கட்டை போடுகிறவனுக்கும் அவனுக்குத் துணை நிற்பவனுக்கும் ஐந்து காசு தண்டம் என்றுகூட அதில் இருக்கிறது. இதைக் கேட்டதும் பிள்ளைகள் சிரித்தார்கள், கிராமசபைக் கூட்டம் பார்த்த பிள்ளைகள்தானே. சார் அந்தச் சிரிப்பு அடங்குகிறவரை பொறுத்திருந்துவிட்டு, “சரில, ஜனநாயகம்னு பெருமை பேசுறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. இது பிரம்மதேய ஊரு. நிலம் வச்சிருந்த பிராமணங்களோட சபை. அன்னிக்கு அந்த நிலத்துல நாத்து நட்டவங்க எங்க நின்னுருப்பாங்க?” என்று கேட்டார். கூலிவேலைக் குடும்பத்துப் பையன் ஒருவன் “வெளியதான் சார்” என்றான். அந்த ஒரு பதிலில் இருந்து அடுத்த இரண்டு மணி நேரம் பாடம் நடந்தது. பெருமையும் கேள்வியும் ஒரே கல்லில் இருப்பதை அவ்வளவு தெளிவாக வேறு யாரும் எனக்குக் காட்டியதில்லை.

மைப்படி எடுப்பதையும், அதாவது கல்லில் இருக்கும் எழுத்தை மையால் தாளில் படியெடுப்பதையும் பழக்கிவிட்டார். அனுமதி வாங்கி, தெரிந்த கல்வெட்டாளர் ஒருவரைக் கூட்டி வருவார். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, அப்புறம் மையை ஒற்ற வேண்டும். கறுப்புக்கு நடுவில் எழுத்து வெள்ளையாக எழும்பி வரும்போது, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள்கூட ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிக்க ஆரம்பிப்பார்கள்.

இன்டர்னல் மார்க்குக்கு அவர் கொடுக்கும் அசைன்மென்ட் ஒன்றுதான். வீட்டில் இருக்கும் பழைய தாள் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து அதைப் பற்றி எழுத வேண்டும். பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கோயில் வரி ரசீது, எதுவானாலும் சரி. முக்கூடல் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, “எங்க வீட்ல பத்திரமெல்லாம் இல்ல சார், அம்மா பீடி சுத்துறாங்க” என்று தயங்கி நின்றாள். “அப்ப பீடி பாஸ்புக் இருக்கும்லா, அதைக் கொண்டு வாம்மா” என்றார். ஓரம் மக்கிப்போன பாஸ்புக் வந்தது. எவ்வளவு இலை, எவ்வளவு தூள், எத்தனை பீடி, என்ன கூலி என்று வரிவரியாக இருந்தது. பிரசவ மாதங்களில் மட்டும் வரிகள் இல்லை. அந்தப் பிள்ளை தன் தம்பி பிறந்த மாதத்தை அதிலிருந்தே கண்டுபிடித்து எழுதியிருந்தாள். சார் அந்த அசைன்மென்ட்டை ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். பாதியில் குரல் கம்மிவிட்டது.

1908 மார்ச் 13 அவருக்கு முக்கியமான நாள். முந்தின நாள் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்ததற்காக நெல்லை கொந்தளித்தது, நகராட்சி அலுவலகம், தபால் நிலையம் எல்லாம் எரிந்தன, துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு சிலபஸை மூடிவைத்துவிட்டு, கடைக்காரரும் வண்டிக்காரரும் படிக்கிற பையன்களும் எதற்குத் தெருவில் இறங்கினார்கள் என்று மட்டும் பேசுவார்.

அட்மிஷன் குறைகிறது, வரலாற்றுத் துறையை மூடிவிடலாம் என்ற பேச்சு நடுவில் வந்தது. சார் சண்டை போடவில்லை. பழைய மாணவர்களைக் கூப்பிட்டார். கிராம நிர்வாக அலுவலர், போலீஸ்காரர், பள்ளிக்கூட வாத்தியார், டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறவர் என்று வந்து நின்றார்கள். வாய்க்கால் வேலையில் பெயர்ந்து கிடந்த எழுத்துக்கல்லை உடைக்கவிடாமல் தாசில்தார் வரைக்கும் போய்க் காப்பாற்றியவர் அதில் ஒருவர். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. அவர் புத்தகம் எழுதவில்லையே என்று சிலர் குறை சொல்வார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்த எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

அந்த அசைன்மென்ட்கள் துறை பீரோவில்தான் இருக்கின்றன. மூன்றாமாண்டுப் பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்து, ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சேரன்மகாதேவி முடிந்துவிட்டது, அடுத்தது ஆலங்குளம்.