ஃபேன் கண்டென்சரும் மூன்று லிட்டர் பெட்டியும்

ஜூன் 1, 2024, சனி

நேற்று ராத்திரியும் அப்பா பாதிப் படத்தில் எழுந்து போய்விட்டார். "வெடிக்கறது மட்டும் கேக்குது, பேசறது ஒண்ணும் விளங்கலடா." அவர் காதைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் டிவியின் ஸ்பீக்கர்கள் தரையைப் பார்த்தபடி இருக்கின்றன. டைல்ஸில் பட்டு எகிறி வருவதைத்தான் நாங்கள் வசனம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஏவி ரிசீவரும் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) சப்வூஃபரும் (அடித்தொனிக்கென்றே தனி ஸ்பீக்கர்) ஏற்கெனவே இருக்கின்றன. முன்பக்கத்துக்கு மூன்று ஸ்பீக்கர் நானே செய்வதாக முடிவு. அலமாரித் தட்டின் ஆழம் 15 செ.மீ. அதற்குமேல் ஒரு விரல்கூட வெளியே நீட்டக்கூடாது என்று வீட்டு அம்மணியின் உத்தரவு. ஆக, பெட்டியின் அளவை முடிவு செய்தது நானில்லை.

ஜூன் 3

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு நடந்தேன். கீழ், நடு ஒலிக்கு 4 அங்குல வூஃபர் மூன்று, கீச்சொலிக்கு 1 அங்குல துணி டோம் ட்வீட்டர் மூன்று. டேட்டா ஷீட் (அளவுகள் போட்ட தாள்) கேட்டதற்குக் கடைப் பையன் சிரித்தான். "எய்ட் ஓம்ஸ் சார், நல்லா அடிக்கும்." அவனிடம் இருந்த தகவல் அவ்வளவுதான்.

ஜூன் 5

பெயர் தெரியாத ஸ்பீக்கரின் ஜாதகத்தை நாமே கணிக்க வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்துக் கொடுத்த அளவுகள் இல்லையென்றால் பெட்டி கட்டுவது இன்னும் குருட்டாம்போக்குதான். தீலின் கட்டுரை 1961-இல் வந்தது. ஸ்மால் அதை 1970-களில் விரித்து எழுதினார்.

ஆர்இடபிள்யூ என்ற ஒலி அளக்கும் மென்பொருள், ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், லேப்டாப். தனியாக வைத்து அளந்தபோது வூஃபரின் ஒத்ததிர்வு, அதாவது அது தானாக ஆட விரும்பும் வேகம், 62 ஹெர்ட்ஸ். பிறகு மகளின் விளையாட்டுக் களிமண்ணைத் தெரிந்த நகைக்கடையில் சரியாக 5 கிராம் நிறுத்து வாங்கி, வூஃபரின் கோன் என்கிற ஆடும் கூம்பின் நடுவைச் சுற்றி வளையமாக ஒட்டினேன். (தராசில் களிமண்ணை வைத்தபோது கடைக்காரர் பார்த்த பார்வை!) ஒத்ததிர்வு 44-க்கு இறங்கியது. அதாவது, ஒட்டிய எடையும் கோனின் சொந்த எடையும் ஏறக்குறைய ஒன்று. அதிலிருந்து கணக்குப் போட்டால் விஏஎஸ் (கோனின் பிடிப்புக்குச் சமமான நெகிழ்வுள்ள காற்றின் அளவு) 5.7 லிட்டர், க்யூடிஎஸ் (ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று சொல்லும் எண்) 0.42.

மூடிய பெட்டியில் போட்ட பிறகு அந்த அடங்கும் எண், அதாவது மொத்த க்யூ, பாஸ் (அடித்தொனி) உப்பாத அளவான 0.707 வேண்டுமென்றால் 3.1 லிட்டர் போதும். அதில் ஒத்ததிர்வு 104 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ஏறட்டும். சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்டில் நிறைய சத்தம் என்ற மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது ஹாஃப்மனின் விதி. கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் கடைசியில் நிற்கும் எச் அவர்தான். நான் பாஸைக் கைவிட்டேன். அதற்குத்தான் சப்வூஃபர் மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

போர்ட் (பெட்டியில் காற்றுக்கு ஓர் ஓட்டை) வைக்கலாமே என்று தம்பி போனில் சொன்னான். வேண்டாம். பெரும்பாலான ரிசீவர்கள் சின்ன ஸ்பீக்கருக்குப் போகும் பாஸை ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் வீதம் வெட்டும். மூடிய பெட்டி தானாகவே இன்னொரு 12 வெட்டும். இரண்டும் சேர்ந்து 24. சப்வூஃபர் பக்கமும் மேலே 24 வெட்டுவதால் இரண்டும் 100 ஹெர்ட்ஸில் பொருந்திக்கொள்ளும். ஓட்டை போட்டால் இந்தப் பொருத்தம் போச்சு.

ஜூன் 8, சனி

12 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை). வெளி அளவு: அகலம் 15.9, உயரம் 24.4, ஆழம் 13.9 செ.மீ. பிளைவுட் கடையில் வெட்டிக் கொடுத்ததில் நான்கு பலகை 2 மி.மீ. குறைச்சல். "ரெண்டு மில்லி தானே சார்" என்றார்கள். அந்த இரண்டு மில்லியில் காற்று போகும் என்று விளக்கிப் பார்த்துவிட்டு, காசு கொடுத்து மறுபடி வெட்டி வாங்கி வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

மொட்டை மாடியில் ஜிக்சா. எம்டிஎஃப் தூள் மைதா மாதிரி பறக்கும், மாஸ்க் இல்லாமல் இறங்கவே கூடாது. துணி காயப்போட்டிருந்த மாடி வீட்டு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஃபெவிகால் போட்டு, கயிறு சுற்றி முறுக்கி, மேலே அம்மியை ஏற்றி வைத்தேன். க்ளாம்ப் வாங்க மனசு வரவில்லை.

ஜூன் 11

இன்றைய கண்டுபிடிப்பைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வூஃபரும் ட்வீட்டரும் 2,500 ஹெர்ட்ஸில் பிரிய வேண்டும்: கீழே வூஃபர், மேலே ட்வீட்டர். அப்படிப் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்தான் கிராஸ்ஓவர். இரண்டாம் படி லிங்க்விட்ஸ்-ரைலி வகை, 8 ஓமுக்குக் கணக்குப் போட்டால் காயில் (கம்பிச் சுருள்) 1.02 மில்லிஹென்றி, கண்டென்சர் 3.98 மைக்ரோஃபாரட். ஆடியோவுக்கென்று விற்கும் பாலிபுரொப்பிலின் கண்டென்சரின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் சீலிங் ஃபேனில் இருப்பதும் பாலிபுரொப்பிலின்தான். அதற்கும் பிளஸ் மைனஸ் கிடையாது, 440 வோல்ட் ஏசி தாங்கும், 4 மைக்ரோஃபாரடில் தெருமுனை எலெக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும். ஆறு வாங்கினேன். "வீட்ல ஆறு ஃபேனும் போயிடுச்சா?" என்றார் அண்ணாச்சி.

அதிர்வெண் ஏற ஏற வூஃபரின் சுருளால் கூடும் தடையைச் சமன்செய்ய 6 மைக்ரோஃபாரட், கூடவே 8 ஓம் சிமெண்ட் ரெசிஸ்டர். 6-உம் ஃபேன் கண்டென்சரில் உண்டு. ஓடிப்போய் மூன்று வாங்கி வந்தேன். இந்த முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

காயில் மோட்டார் ரீவைண்டிங் கடையில். கொஞ்சம் கூடுதலாகச் சுற்றித் தரச் சொன்னேன். காயிலை அளக்கும் எல்சிஆர் மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து 1.02-க்குக் கொண்டுவந்தேன். ஆறு காயிலுக்கு ஒரு சாயங்காலம் போயிற்று.

ஜூன் 14

உள்ளே அடைக்க இலவம்பஞ்சு. பாட்டியின் பழைய தலையணை ஒன்றைத் தியாகம் செய்தோம். வூஃபருக்குள் பஞ்சு போய்விடாமல் மெல்லிய காடாத் துணியில் பொதிந்து வைத்தேன். பஞ்சு அடைத்தால் பெட்டி கொஞ்சம் பெரிதானதுபோல் நடந்துகொள்ளும், உள்ளே எதிரொலியும் அடங்கும்.

காற்று கசிகிறதா என்று பார்க்க ஊதுபத்தி. 40 ஹெர்ட்ஸ் ஓடவிட்டு மூட்டுகளில் பிடித்தேன். இரண்டாம் பெட்டியில் ஒயர் முனையருகே வந்ததும் புகை படபடத்தது. சிலிக்கான் பூசியாயிற்று.

ஜூன் 16, ஞாயிறு

மூன்றையும் மாட்டிச் செய்தி சேனல் போட்டேன். அப்பா ஐந்து நிமிஷம் கேட்டார். "மூக்கடைச்சவன் பேசற மாதிரி இருக்கே." உண்மை. 'பத்து'க்கும் 'பட்டு'க்கும் வித்தியாசமே தெரியவில்லை.

மைக் வைத்து அளந்தால் 2,500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், கிணறு மாதிரி. கால் மணி நேரம் ஃபேன் கண்டென்சரைத் திட்டித் தீர்த்த பிறகுதான் உறைத்தது. இந்த வகைக் கிராஸ்ஓவரில் பிரியும் இடத்தில் இரண்டு பக்கமும் 180 டிகிரி விலகி நிற்கும். ட்வீட்டர் ஒயரைத் தலைகீழாக மாட்டவேண்டும். நான் சமத்தாக பிளஸ்ஸுக்கு பிளஸ் கொடுத்திருக்கிறேன். வூஃபர் கூப்பிடும்போது ட்வீட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் சத்தம் எங்கிருந்து வரும்? பள்ளம் விழுந்ததோ மெய்யெழுத்துகள் துலங்கும் இடத்தில். மூன்றிலும் சாலிடரை உருக்கி மாற்றிப்போட்டேன். கிணறு தூர்ந்தது.

ட்வீட்டர் சற்றுத் தூக்கலாகவே இருக்கிறது, ஒரு ரெசிஸ்டர் போட்டு 3 டெசிபல் குறைத்தேன்.

ஜூன் 19

நடு ஸ்பீக்கரையும் நிமிர்த்தியே வைத்திருக்கிறேன், டிவியை ஒரு சாண் உயர்த்தி. கடைகளில் விற்கும் படுக்கைவாட்டு சென்டர், அதாவது நடுவில் ட்வீட்டரும் இருபுறமும் வூஃபரும் உள்ளது, கண்ணுக்கு அழகு. சோபா ஓரத்தில் உட்காருபவருக்கு இரண்டு வூஃபரும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் சில சுரங்களில் இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று அழித்துவிடும். எங்கள் வீட்டில் ஓரத்தில் உட்காருபவர் அப்பா.

ஜூன் 23, ஞாயிறு

பின்பக்க ஸ்பீக்கர் இரண்டுக்கும் பலகை கட்டிலடியில் கிடக்கிறது. மழை வருவதற்குள் ஓரங்களுக்கு ஃபெவிகால் தண்ணீர் பூசவேண்டும், இல்லையென்றால் ஈரத்தில் உப்பிவிடும்.

ராத்திரி ஒரு பழைய கறுப்பு-வெள்ளைப் படம். அப்பா கடைசிவரை உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை மட்டும் திரும்பி, "அந்த ஃபேனை நிறுத்துடா, கடகடன்னு ஒரே சத்தம்" என்றார். பத்து வருஷமாக அது அப்படித்தான் ஓடுகிறது. ஜூன் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தவிடமாட்டேன் என்று வீட்டு அம்மணி ஒரு பக்கம். நாளைக்கு பேரிங் மாற்ற ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.