கோஆர்டினேட்டர் கிடைத்தார், சான்று கிடைக்கவில்லை

ஜனவரி 8-ஆம் தேதி மாலை நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அச்செடுத்துத் தலைமைப் பயிற்சியாளரின் மேசையில் வைத்தேன். பிறகு என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் பயிற்சியாளராக, அதாவது ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டராக, ஒருவரை எடுப்பது என்று முடிவு செய்தது டிசம்பர் 19. அதைக் காகிதமாக்க இருபது நாள் ஆயிற்று. அந்த இருபது நாளில் எங்களை விட்டுப் போனதை என்னால் இன்னும் செரித்துக்கொள்ள முடியவில்லை.

நான் அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் பிரிவின் நிர்வாகப் பணிகளைப் பார்க்கிறேன். கல்லூரி விளையாட்டின் முதல் டிவிஷனில் இரண்டாம் அடுக்கான எஃப்.சி.எஸ்.ஸில் ஆடும் அணி. பேருந்து, விடுதி, சாப்பாடு, ஆள் நியமனத்தின் காகித வேலை எல்லாம் என் தலையில். விளையாட்டு மேலாண்மை படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன். இந்தத் துறையில் தமிழர்கள் அதிகமில்லை என்றாலும், படித்துவிட்டு வரும் இளைஞர்கள் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

எங்கள் பழைய கோஆர்டினேட்டர் 2024 டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை காலையில் விலகினார். பெரிய அணி, பெரிய சம்பளம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டிசம்பர் 4-ஆம் தேதிதான் பள்ளி மாணவர்கள் கல்லூரி அணிகளோடு கையெழுத்திடும் நாள். அவரை நம்பி ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர்) பையன் எங்களோடு உதவித்தொகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஆறே நாள் ஆகியிருந்தது. கோஆர்டினேட்டர் விலகியதற்கு முந்தைய நாள், 9-ஆம் தேதி, வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்திருந்தது. 28-ஆம் தேதி மூடிவிடும். பிறகு, அப்போதைய விதிப்படி, ஏப்ரல் நடுவில்தான் மறுபடி திறக்கும். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அந்த அணியின் வீரர்களுக்குத் தனியாக 30 நாள் அவகாசம் அப்போது இருந்தது. கோஆர்டினேட்டர் மாறினால் கிடையாது. ஆக, எங்கள் முதல் குவார்ட்டர்பேக் 28-ஆம் தேதிக்குள் இருப்பதா போவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். அதற்குள், அடுத்த ஆண்டு யார் ஆட்டத்தை அழைக்கப்போகிறார், அதாவது ஒவ்வொரு முறையும் என்ன ஆடுவது என்று சொல்லப்போகிறார் என்று அவருக்கு நாங்கள் சொல்லியாக வேண்டும். இந்தத் தேதிகளை அன்று காலையே என் அறையின் வெள்ளைப் பலகையில் சிவப்பு மையால் எழுதி வைத்தேன்.

விளம்பரம் சுலபமாக முடிந்தது. வழக்கமாக 14 நாள் வெளியிட்டு வைக்க வேண்டும். பயிற்சியாளர் கடிதம் எழுதிக் கேட்டதால் 7 நாளாகக் குறைத்தார்கள். விண்ணப்பங்கள் குவிந்தன. ஏஜென்ட்டுகள் விடாமல் அழைத்தார்கள். 18-ஆம் தேதி வீடியோவில் நான்கு பேரிடம் பேசினோம், மறுநாள் இருவரை நேரில் வரவழைத்தோம்.

அந்த நேர்காணலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதத்தில் எனக்கு மகிழ்ச்சி தந்த ஒரே பகல் அதுதான். முதலில் வந்தவர் பேச்சில் கெட்டிக்காரர். பலகையில் அவர் வரைந்த பாஸ் ஆட்டங்கள் ஓவியம் போல இருந்தன. மூன்றாவது டவுன் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் ஏழு கெஜம் போக வேண்டும், எதிரணி இரண்டு சேஃப்டிகளை (கடைசித் தடுப்பு வீரர்களை) ஆழத்தில் நிறுத்தியிருக்கிறது, என்ன அழைப்பீர்கள் என்றதற்கு மூன்று விடை சொன்னார். பந்து ஸ்னாப் ஆகி ஆட்டம் தொடங்கியதும் ஒரு சேஃப்டி கீழே இறங்கிவிட்டால் குவார்ட்டர்பேக் யாரைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியாளர் கேட்டபோது, "அது அவன் பழகிக்கொள்வான்" என்றார். பயிற்சியாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இரண்டாமவர் ஒரு டிவிஷன் இரண்டு கல்லூரியில் கோஆர்டினேட்டர். பாஸ் வீச்சையே பெரிதும் நம்பும் ஏர் ரெய்ட் வழியில் வந்தவர். பயிற்சியாளர்கள் ஹால் மம்மியும் மைக் லீச்சும் 1989-இல் அயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் தொடங்கிவைத்த அந்தப் பாணியில் ஊறியவர், ஆனால் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டத்தைக் கைவிடாதவர். உட்கார்ந்ததும் குவார்ட்டர்பேக்கைப் பற்றிக் கேட்கவில்லை. "உங்கள் சென்டர் யார்? களத்தில் அவர் தானாக எவ்வளவு மாற்றி அழைக்க முடியும்?" என்றுதான் கேட்டார். பந்தைப் பின்னால் குவார்ட்டர்பேக்கிடம் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும், முன்வரிசையின் நடு வீரர்தான் சென்டர். பிறகு முன்வரிசையில் நிற்கும் எங்கள் ஐந்து லைன்மேன்களின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். நாங்கள் தோற்ற ஒரு ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிட வீடியோவைப் போடச் சொல்லி, எந்த இடத்தில் லைன்மேன்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினார். அன்று இரவே பயிற்சியாளர் அவரிடம் தொலைபேசியில் "வேலை உங்களுக்குத்தான்" என்றார். அவரும் சரி என்றார்.

முதல் தவறு அங்கேதான் நடந்தது, அதில் எனக்கும் பங்குண்டு. வாய்மொழியாகச் சொன்னது நியமனம் ஆகாது என்று அவரிடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியது என் வேலை. சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர் தன் கல்லூரியில் ராஜினாமா கொடுத்துவிட்டார். அவர்கள் 31-ஆம் தேதியோடு கணக்கை முடித்தார்கள். மருத்துவக் காப்பீடும் அன்றோடு முடிந்தது. அவருடைய மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

20-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. கோப்பை மனிதவளத் துறைக்கு அனுப்பினேன். பிற்பகலில் பதில் வந்தது: பின்புலச் சோதனை சரி, இளங்கலைப் பட்டத்தை மட்டும் சரிபார்க்க முடியவில்லை. அவர் படித்த கல்லூரி மூடப்பட்டுவிட்டது. இங்கே அது அபூர்வமல்ல. ஏர் ரெய்ட் பிறந்த அந்த அயோவா வெஸ்லியனே 2023-இல் கதவடைத்துவிட்டது. மூடிய கல்லூரியின் ஆவணங்கள் வேறொரு கல்லூரிக்கோ மாநில அலுவலகத்துக்கோ போய்விடும். இவருடையது அண்டை மாநிலத்தில் வேறொரு கல்லூரியின் பதிவாளரிடம் போயிருந்தது. மின்னணுச் சரிபார்ப்பில் அந்தப் பழைய ஆவணங்கள் ஏறவே இல்லை.

சரிபார்ப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. 2001-இல் ஜார்ஜ் ஓலேரி நாட்டர் டேமின் தலைமைப் பயிற்சியாளராகச் சேர்ந்த ஐந்தே நாளில் விலக நேர்ந்தது, வாங்காத முதுகலைப் பட்டத்தைத் தன் விவரக் குறிப்பில் எழுதியிருந்ததால். அதற்குப் பிறகு எந்தப் பல்கலைக்கழகமும் இதில் கண்ணை மூடிக்கொள்ளாது, மூடிக்கொள்ளவும் கூடாது. சோதிக்கட்டும். ஆனால் எதைச் சோதித்தால் போதும் என்று சோதிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதிவாளர் அலுவலகத்துக்கு ஆறு முறை அழைத்தேன். இயந்திரக் குரல்தான் பேசியது. 24-ஆம் தேதி முதல் எல்லாக் கல்லூரிகளும் விடுமுறை. 23-ஆம் தேதி திங்கட்கிழமை விடியற்காலையில், அவர் கையெழுத்திட்டு மின்னஞ்சலில் அனுப்பிய ஒப்புதல் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு ஐ-80 நெடுஞ்சாலையில் மூன்றரை மணி நேரம் ஓட்டினேன். பாதி வழி பனி. பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் மட்டும் இருந்தார். படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது மூலக் கையெழுத்து இல்லை, நகல்" என்றார். மாணவர் ஆவணத் தனியுரிமைச் சட்டம் கையெழுத்தும் தேதியும் இருக்கும் ஒப்புதலைக் கேட்கிறது, மின்னணுக் கையெழுத்துக்கும் வழி இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். "எங்கள் அலுவலக வழக்கம் இது" என்றார். பட்டதாரியைத் தொலைபேசியில் அழைத்துத் தருகிறேன், அவரே சொல்லட்டும் என்றேன். "குரலை நான் எப்படி நம்புவது?" சரி, தபாலில் மூலப் படிவம் வந்தால் எப்போது கிடைக்கும் என்றேன். ஜனவரியில் திறந்த பிறகு பத்து வேலை நாள் என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். மணி பதினொன்றேகால். திரும்ப மூன்றரை மணி நேரம்.

அந்த வாரத்தில் பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை. கடிதம் இல்லாமல் பெயரை அறிவிக்கக் கூடாது. அவர் இன்னொரு கல்லூரியின் ஊழியராக இருக்கும்வரை எங்கள் வீரர்களோடு பேசக் கூடாது, பேசினால் அது விதிமீறல் என்று விதிகளைக் கவனிக்கும் எங்கள் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் எழுத்தில் எச்சரித்தது. சம்பளமில்லாமல் வந்து வீடியோவாவது பார்க்கிறேன் என்று அவரே கேட்டார். அதற்கும் அனுமதி இல்லை. 27-ஆம் தேதி இரவு எங்கள் குவார்ட்டர்பேக்கின் தாயார் என்னை அழைத்தார். "அடுத்த ஆண்டு என் மகனுக்கு ஆட்டத்தை அழைக்கப்போகிறவர் யார்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். எனக்குப் பெயர் தெரியும், சொல்ல முடியவில்லை. "நல்லவரைத்தான் எடுக்கிறோம் அம்மா" என்றேன். 28-ஆம் தேதி பையன் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டான். மூன்று ஆண்டு எங்களோடு இருந்தவன். இப்போது வேறு அணியில் இருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காப்பீட்டு விஷயத்தில் ஒரு நல்லது நடந்தது. வேலை விட்டவர்கள் பழைய காப்பீட்டைத் தங்கள் செலவில் தொடர கோப்ரா என்ற சட்டம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க 60 நாள் அவகாசம். தேர்ந்தெடுத்தால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே முன்தேதியிட்டுச் செல்லும். முதல் தவணையைக் கட்ட அதன் பிறகும் 45 நாள் உண்டு. அதனால் உடனே பணம் கட்டி ஓய வேண்டியதில்லை, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம், இடையில் ஏதாவது அவசரம் வந்தால் அப்போது சேர்ந்துகொள்ளலாம். இதை 31-ஆம் தேதி இரவு அவருக்கு விளக்கினேன். மறுமுனையில் அவர் தன் மனைவியிடம் திரும்பச் சொன்னது எனக்குக் கேட்டது. வேலை மாறும் பயிற்சியாளர் எவருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஜனவரி 2 அன்று மனிதவளத் துறை திறந்தது. மூலப் படிவம் தபாலில் போய்விட்டது, இனி காத்திருப்பதுதான் என்றார்கள். 7-ஆம் தேதி காலையில் அவருடைய விவரக் குறிப்பை எத்தனையாவது முறையாகவோ படித்துக்கொண்டிருந்தேன். முதல் வேலை: ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் அசிஸ்டன்ட், அதாவது முதுகலை படித்துக்கொண்டே அணிக்கு உதவும் பயிற்சியாளர். சட்டென்று மூளையில் தட்டியது. ஃபுட்பாலில் கிராஜுவேட் அசிஸ்டன்டாக இருக்க முதுகலை வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும். அவர் சேர்ந்தது மட்டுமல்ல, முடித்தும் இருக்கிறார். குறிப்பின் அடியில் ஒரே வரியில் முதுகலைப் பட்டம் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகம் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கிறது. இளங்கலை இல்லாதவரை அது முதுகலையில் சேர்த்திருக்காது!

எங்கள் விளம்பரத்தை எடுத்துப் பார்த்தேன். கேட்டிருந்தது "குறைந்தபட்சம் இளங்கலை". மனிதவள அலுவலரிடம் நேரில் போய், உயர்ந்த பட்டத்தைச் சரிபார்த்தால் போதாதா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "போதும். விதியும் அப்படித்தான் இருக்கிறது. படிவத்தில் அவர் இரண்டையும் எழுதியிருந்ததால் இரண்டும் சோதனைக்குப் போய்விட்டன" என்றார். இதை 20-ஆம் தேதியே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்கள் கேட்கவில்லை" என்றார்.

முதுகலைச் சான்று மின்னணு வழியில் இருபது நிமிடத்தில் வந்தது. மறுநாள் மாலை நியமனக் கடிதம்.

அதன் பிறகு எல்லாம் ஓடியது. ஒப்பந்தத்தில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதிகளை மீறினால் நடவடிக்கை உண்டு என்ற கட்டாயப் பிரிவு, கையெழுத்து, சாவி, மடிக்கணினி. வெளியே போய் ஆள் சேர்ப்பதற்கான முதல் டிவிஷன் தேர்வையும் அந்த வாரமே எழுதித் தேறினார். ஜனவரி நடுவில் சார்லட்டில் நடந்த பயிற்சியாளர்கள் மாநாட்டுக்கு எங்கள் அணியின் சட்டையோடு வந்தார். கடிதம் கிடைத்த இரவே டிசம்பரில் கையெழுத்திட்ட அந்தப் பள்ளிப் பையனை அழைத்து ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். பையன் எங்கள் பக்கமே நின்றுவிட்டான்.

இதே வேலையில் இருப்பவர்களுக்கு: கோஆர்டினேட்டர் விலகிய அன்றே, ஆள் யாரென்று தெரிவதற்கு முன்பே, மனிதவளத் துறையிடம் எந்தப் பட்டத்துக்கு எந்தச் சான்று என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேர்காணலுக்கு வருபவர்கள் ஒவ்வொருவரிடமும் மிக உயர்ந்த பட்டத்தின் சான்றை வரும்போதே எடுத்துவரச் சொல்லுங்கள். கடிதம் கைக்கு வரும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள் என்று தொலைபேசியை வைப்பதற்கு முன் சொல்லுங்கள். பயிற்சியாளர் சொல்லமாட்டார், அவர் ஆளைப் பிடித்த சந்தோஷத்தில் இருப்பார். நீங்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 21 அன்று தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. அண்டை மாநிலப் பதிவாளரின் முத்திரை. உள்ளே அவருடைய இளங்கலை மதிப்பெண் பட்டியல் இருக்கும். பிரிக்காமல் அவருடைய கோப்பில் வைத்துவிட்டேன்.