ஒரு வாளி பித்தளைக்கு மூன்று சனிக்கிழமை

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிச் சுடலாம். கழுவித் தரம் பிரித்த 9 எம்எம் கைத்துப்பாக்கித் தோட்டாவின் காலி உறை ஆயிரம், ஐம்பது டாலர் சொச்சத்துக்கு வாசலில் வந்து இறங்கும். அதை விட்டுவிட்டு, ‘துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சும்மாதானே கிடக்கிறது’ என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். முதுகுவலி இன்னும் போகவில்லை.

முதல் சனிக்கிழமை டாலஸிலிருந்து 45 மைல் தள்ளி ஒரு திறந்தவெளி ரேஞ்ச். முந்தின நாளே போன் போட்டுக் கேட்டேன். “பிராஸா? வேணுங்கிற அளவு அள்ளிக்கிட்டுப் போ” என்றார் எடுத்தவர். காலை ஒன்பதுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கவுண்டரில் வேறொரு பையன். என் வாளியைப் பார்த்தான், ஒரு வார்த்தை பேசாமல் கட்டைவிரலால் பின்னால் இருந்த பலகையைக் காட்டினான். தரையில் விழுந்த உறை ரேஞ்சுக்குச் சொந்தம். நீ சுட்டதை மட்டும் நீ எடுத்துக்கொள்ளலாம். “போனில் வேற மாதிரி சொன்னாங்களே?” என்றேன். “நான் சொல்லலையே” என்றான். அதோடு முடிந்தது. யார் சொன்னது என்று பெயர் கேட்டு வைக்காதது என் தப்பு. பல ரேஞ்சுகள் இந்தப் பித்தளையைச் சேர்த்து விற்றுக் காசு பார்க்கின்றன, அதனால் அவர்கள் மேல் கோபப்பட்டும் பயனில்லை. போன் பண்ணும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: அடுத்தவர் விட்டுப்போனதை எடுக்கலாமா, சுடும் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்ததை எடுக்கலாமா, எந்த நேரத்தில் எடுக்கலாம்.

கட்டணம் கட்டியாயிற்றே என்று நூறு ரவுண்டு சுட்டுவிட்டு, என்னுடையதையாவது பொறுக்கலாம் என்று குனிந்தேன். ஒன்று உருண்டு சிவப்புக் கோட்டைத் தாண்டியது. ஓர் அடிதான். கை தன்னால் நீண்டுவிட்டது. “சீஸ் ஃபயர்!” என்று ஒலிபெருக்கி அலறியது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ரேஞ்ச் ஆபீசர் நடந்து வந்து, “சார், லைன் ஹாட்டா இருக்கும்போது அந்தக் கோட்டுக்கு அப்பால உங்க விரல் நுனிகூடப் போகக் கூடாது” என்றார். ஹாட் என்றால் சுட்டுக்கொண்டிருக்கும் நேரம். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒரு காலி உறைக்கு ஐந்து காசு பெறாது. ஆனாலும் அந்த ‘சார்’ இன்னும் காதில் குத்துகிறது.

இரண்டாவது சனிக்கிழமை வேறு ரேஞ்ச். இங்கே மாலை கடை கட்டும் நேரத்தில், லைன் கோல்டு ஆன பிறகு, அதாவது எல்லோரும் சுடுவதை நிறுத்திய பிறகு, யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் பெக்கான் கொட்டை பொறுக்கும் கம்பிக் கூண்டு உருளையோடு வந்தார். டெக்சாஸின் மாநில மரமே பெக்கான்தான். கொல்லையில் மரம் இருக்கிற வீடுகளில் இந்த உருளையும் இருக்கும். கம்பிகளுக்கு நடுவே உறை புகுந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. பெரியவர் குனியவே இல்லை. கால் மணி நேரத்தில் அவர் வாளி நிறைந்தது. நான் தவளை மாதிரி தத்திக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது உருளையை என் கையில் கொடுத்து, “பத்து நிமிஷம் ஓட்டு” என்றார். என் வாளி முக்கால் நிறைந்ததே அவர் புண்ணியத்தில்தான்.

வீட்டுக்கு வந்து தரம் பிரித்தபோதுதான் தெரிந்தது, பாதி குப்பை. முதலில் காந்தம். பித்தளை மாதிரியே மின்னிய சில, காந்தத்தில் டக்கென்று ஒட்டின. இரும்பின் மேல் பூச்சு. அப்புறம் .22 (இந்தப் புள்ளி எண்களெல்லாம் தோட்டா அளவு). மருந்தைப் பற்றவைக்க உறையின் அடியில் பொருத்தும் பிரைமர் அதில் தனியாகக் கிடையாது, மறுபடி நிரப்ப முடியாது, ஆனால் பெரிய உறைகளுக்குள் நுழைந்து ஒளிந்துகொள்ளும். 9 எம்எம் போய் .40-க்குள் உட்காரும், .40 போய் .45-க்குள் உட்காரும், மூன்றையும் ஒன்றாகக் கழுவினால் ஜோடி ஜோடியாக இறுகிவிடும். .380 ஒரு கள்ளன். 9 எம்எம் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாது. தட்டில் நிமிர்த்தி வைத்தால் இரண்டு மில்லிமீட்டர் குட்டை. அடியில் கிடந்தது ஒரு முழுத் தோட்டா. பிரைமரில் துப்பாக்கியின் ஊசி குத்தின தடம் இருந்தது, ஆனால் வெடிக்கவில்லை. பார்க்காமல், உறைகளைச் சுழற்றித் துலக்கும் டம்ளர் இயந்திரத்தில் போட்டிருந்தால்? அடுத்த முறை போனபோது ரேஞ்சில் அதற்கென்று இருக்கும் டப்பாவில் போட்டேன்.

பழைய பிரைமரைக் குத்தித் தள்ளும்போது கருவியின் ஊசி உடைந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு துளைக்குப் பதில் பக்கத்துக்கொன்றாக இரண்டு. பெர்டன் என்கிற வகை, நடுவில் ஊசி நுழைய வழியில்லை. ஒரு ஊசி போனதுக்கு அப்புறம்தான் டார்ச்சைத் தேடவே தோன்றியது.

இனி வருவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தோட்டா உறை 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். பித்தளைதானே, ஊரில் குத்துவிளக்கு துலக்குவது போலப் புளியில் போட்டால் போச்சு என்று, கரைத்து ஊற்றி இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் துத்தநாகம் கரைந்து எல்லாம் ரோஜா நிறம். வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன்.

“ராத்திரி பூராவா ஊற வச்ச? விளக்குக்குப் புளி தேய்ச்சா ஒடனே அலசணும்டா. பித்தளை செத்துப்போயிடும்.”

அது என்ன சாமான் என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புளித்தவை எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு. மூன்றாவது சனிக்கிழமை மறுபடி அதே ரேஞ்ச், அதே குனிதல். பெரியவர் அன்று வரவில்லை. இந்த முறை பாத்திரம் கழுவும் சோப்பும் சிட்டிகை சிட்ரிக் அமிலமும் ஸ்டீல் ஊசிகளும் தண்ணீரோடு டம்ளரில் போட்டு இரண்டு மணி நேரம், பளபளவென்று வந்தது. அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டா உறைகள் மழைக்காலத்தில் விரிசல் விட்டுப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் தெளிவானது.

வீட்டில் திட்டு வாங்கியது ஈயத்துக்காக. பிரைமர் புகையில் ஈயம் உண்டு, அது உறையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். நான் சமையலறை சிங்க்கில் அலசிக்கொண்டிருந்தேன். “ஏங்க, குழந்தைக்குப் பால் பாட்டில் கழுவுற இடம் இது” என்றாள் மனைவி. பதில் இல்லை. இப்போது கராஜ், கையுறை, தனிச் செருப்பு. உலர் டம்ளர் பக்கமே போவதில்லை, தூசி பறக்கும்.

எச்1பி வேலை விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் நீங்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை. ‘தோட்டா’ என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் காலி உறையும் பிரைமரும் தனித்தனியாகவே அடக்கம். நானே பச்சை அட்டை வந்த பிறகுதான் இதில் இறங்கினேன். அப்புறம், ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையோடு சென்னைக்கு விமானம் ஏறாதீர்கள். ஒவ்வொரு ஜிப்பையும் கவிழ்த்து உதறுங்கள். காலி உறைக்குக்கூட இந்திய விமான நிலையங்களில் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

கடைசிக் கணக்கு: மூன்று சனிக்கிழமை, ஒரு ஊசி, நானூற்றுப் பன்னிரண்டு நல்ல உறை. பெக்கான் உருளை ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், புதன்கிழமை வருகிறதாம்.