யாரிடமும் சொல்லாதவை

நிகரகுவா நாட்டின் லியோன் நகரில், 1990-களின் நடுவில், நோய்ப்பரவல் ஆய்வாளர் மேரி எல்ஸ்பெர்க்கும் உள்ளூர்ப் பெண்களும் சேர்ந்து 488 பெண்களிடம் பேசினார்கள். மணமானவர்களில் 52 சதவீதம் பேர் துணைவரிடம் அடி வாங்கியிருந்தார்கள். பாதிக்கும் மேல்! 1996-இல் அங்கே குடும்ப வன்முறைச் சட்டம் வர அந்த எண்ணும் கைகொடுத்தது.

அதே லியோனைப் பற்றி 2003-இல் இன்னொரு ஆய்வு. அடி, பாலியல் வன்முறை இரண்டையும் அனுபவித்த தாய்மாரின் குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறக்கும் அபாயம் சுமார் ஆறு மடங்கு. படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம், இந்த ஆய்வாளர்கள் கேள்வி கேட்கும் விதம். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், அதுவும் தனிமையில்தான் பேச வேண்டும். நடுவில் யாராவது உள்ளே வந்தால் சட்டென்று மாதவிடாய், குழந்தை நலம் என்று வேறு கேள்வித்தாளுக்கு மாறிவிட வேண்டும். ஏனென்றால் விஷயம் கணவன் காதுக்குப் போனால் அன்றிரவே அவளுக்கு அடி விழலாம்.

உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளில் சுமார் 24,000 பெண்களிடம் பேசியபோதும் இதே கவனம்தான். பேட்டி எடுக்க வந்தவரிடம்தான் முதல்முறையாக வாய் திறந்தோம் என்று அவர்களில் பலர் சொன்னார்கள்.