ஆயாவின் தழும்பு

2021-இல் அறுபது தாண்டியவர்களுக்கு மார்ச் மாதமே கொரோனா ஊசி வந்துவிட்டது. ஆடி பிறந்தும் எங்கள் ஆயா அசையவில்லை. "கோட்டை மாரியாத்தா பாத்துக்குவா, நீ உன் சோலியப் பாரு கண்ணு." நான் புள்ளிவிவரமெல்லாம் பேசிப் பார்த்தேன். குகைத் தெருவில் அது செல்லாது.

ஒரு நாள் தலை துவட்டும்போது ஆயாவின் இடது கையில் அந்தத் தழும்பைப் பார்த்தேன். நாலணா அளவு, ஓரம் சுருங்கி.

"இது என்ன ஆயா?"

"அம்மை குத்துனது. கோழிக்கூடைக்குப் பின்னால ஒளிஞ்சேன், எங்கம்மாதான் தரதரன்னு இழுத்துட்டு வந்தா."

"அப்ப மாரியாத்தா கோவிச்சுக்கலையா?"

பதில் இல்லை. அந்தப் பெரியம்மை 1980-இல் உலகத்தை விட்டே போனதாக அறிவித்ததைச் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அடுத்த வாரம் வீட்டு வாசலிலேயே கூழ் ஊற்றினார். அப்புறம் இடுப்பில் வேப்பிலையைச் செருகிக்கொண்டு, "வண்டிய எடு" என்றார். முகாமில் நர்ஸம்மா எந்தக் கை என்று கேட்டதும் இடது கையை நீட்டினார்.

ரெண்டாவது ஊசிக்கு 84 நாள். அந்தத் தேதிமேல் காலண்டரில் குங்குமப் பொட்டு வைத்தது நான் இல்லை.