கேட்பதே வேலையாக இருந்த காலம்

கடலுக்குத் தொலைவான எங்கள் வேலூர்ப் பக்கத்தில், சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தேன் என்று சொன்னால், நாள் முழுவதும், எழுத்துகளைப் புள்ளி, கோடு எனும் குறு, நெடு ஓசைகளாக அனுப்பும் மோர்ஸ் விசையைத் தட்டிக்கொண்டிருந்தவன் என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் தட்டியது கொஞ்சம்; காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டதுதான் மிகுதி.

500 கிலோஹெர்ட்ஸ் என்பது கப்பல்களும் கரை நிலையங்களும் ஒன்றையொன்று அழைப்பதற்கும், ஆபத்தில் உதவி கேட்பதற்கும் பொதுவாக இருந்த அலைவரிசை. மணிக்கு இருமுறை, 15 முதல் 18ஆம் நிமிடம் வரையிலும் 45 முதல் 48 வரையிலும், எவரும் அதில் சாதாரண அழைப்பு விடுக்கக் கூடாது. எங்கோ வலுவிழந்த பேட்டரியில் அனுப்பப்படும் எஸ்ஓஎஸ் மற்றவர்களின் இரைச்சலில் மூழ்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ரேடியோ அறைக் கடிகாரத்தின் முகப்பிலேயே அந்த நிமிடங்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள்.

1912இல் டைட்டானிக் உதவி கேட்டபோது, அருகில் நின்றிருந்த கலிஃபோர்னியன் கப்பலின் ஒரே ஆபரேட்டர் கருவியை அணைத்துவிட்டு உறங்கச் சென்றிருந்தார். எங்கள் கப்பலிலும் நான் ஒருவன்தான். நாளுக்கு எட்டு மணி நேரமே என் காவல். மீதி நேரத்துக்கு ஆட்டோ அலாரம் இருந்தது. நான்கு விநாடி நீளமுள்ள பன்னிரண்டு கோடுகளை ஒரு விநாடி இடைவெளியில் அனுப்புவதே அபாய அறிவிப்பு; அவற்றில் சில அடுத்தடுத்து விழுந்தாலே மணி அடித்துவிடும். மின்னல் இரைச்சலையும் அது சில இரவுகளில் கோடுகளென்று நம்பிவிடும். அப்போது அதைத் திட்டியதுண்டு. ஆனாலும் அணைத்து வைக்க மனம் வராது.

கப்பல்களோடு பேசும் சென்னைக் கரை நிலையமான மெட்ராஸ் ரேடியோவின் அழைப்புக்குறி விடபிள்யூஎம். அந்நிலையம் வாசிக்கும் பட்டியலில் எங்கள் கப்பலின் குறி வந்தால், யாருக்கோ ஊரிலிருந்து தந்தி வந்திருக்கிறது என்று பொருள். புள்ளிகளையும் கோடுகளையும் எண்ணிக்கொண்டிருந்தால் பிடிக்க முடியாது. கூட்டத்தில் தெரிந்தவர் குரலை இனம்காண்பதைப் போல, ஒவ்வோர் எழுத்தும் முழு ஓசையாகவே காதில் விழ வேண்டும். பழகிய பின், எதிர்முனையில் இருப்பவர் யாரென்று கைவாகிலேயே தெரிந்துவிடும்.

1999 பிப்ரவரி 1 முதல், கடலில் ஆபத்துக்கால உதவிக்கான உலகளாவிய தொடர்பு ஏற்பாடான ஜிஎம்டிஎஸ்எஸ் முறை முழுமையாக நடைமுறைக்கு வந்து, எங்கள் பதவி தேவையற்றதாயிற்று. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பொத்தானை அழுத்தினால் கப்பலின் அடையாளமும் இருப்பிடமும் தாமே சென்றுசேரும் ஏற்பாடு, தனியொருவனின் காதை நம்பியிருப்பதைவிடப் பாதுகாப்பானது.

இப்போது ஹாம் ரேடியோ எனப்படும் பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்கான உரிமத் தேர்வுக்காக மோர்ஸ் கற்க இளைஞர்கள் சிலர் காட்பாடியில் என் வீட்டுக்கு வருகிறார்கள். வந்ததும் விசையைத்தான் கேட்கிறார்கள். ஓசையைக் கேட்டுத் தடையில்லாமல் எழுதப் பழகும் வரை அதைத் தொட நான் விடுவதில்லை.