மார்க் எடுக்கிற பையன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது

மருந்துக்கடையில் நாலைந்து வருஷம் நின்றவர்களுக்குச் சில முகங்கள் பார்த்ததுமே தெரிந்துவிடும். பதினாறு, பதினேழு வயசு இருக்கும், பைக்கைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கூட்டம் குறையும் வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்து, "அண்ணா, டேபென்டடால் ஒரு அட்டை" என்பான். சீட்டு கேட்டால் பாட்டிக்கு முதுகுவலி. எத்தனை மில்லிகிராம் என்பதுகூட அவன் வாயில் சரளமாக வரும்.

கடுமையான வலிக்கு டாக்டர் எழுதித் தரவேண்டிய, அபினைப் போல வேலை செய்கிற ஓபியாய்டு மாத்திரை அது. இதே வகையைச் சேர்ந்த டிராமடாலை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது சீட்டில்லாமல் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் டேபென்டடாலைத்தான்.

எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு அக்கா, ஒருநாள் பாராசிட்டமால், வயிற்றுப்போக்கு மாத்திரை, ஓ.ஆர்.எஸ்., சளி மருந்து எல்லாம் சேர்த்துக் கேட்டார். நீட்டுக்கு இரண்டாம் முறை படிக்கிற மகனுக்காம். "மூக்கு ஒழுகிட்டே இருக்கு, கொட்டாவி நிக்க மாட்டேங்குது, உடம்பெல்லாம் வலிக்குதுங்கறான், ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. எல்லாம் பரீட்சை பயம் தம்பி." போன மாசமும் இப்படித்தான் இருந்தானாம், இரண்டே நாளில் தானாகச் சரியாகிவிட்டதாம். ஓபியாய்டு பழகின உடம்புக்கு அது கிடைக்காமல் போனால் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும், கிடைத்ததும் அடங்கிவிடும். பையன் அந்த மாதிரி மாத்திரை ஏதும் போடுகிறானா என்று பக்குவமாகத்தான் கேட்டேன். அக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். "அவன் மாக் டெஸ்ட்ல அறுநூறு எடுக்கறான், தெரியுமா?"

பெற்றோர் கொடுக்கிற நெருக்கடியால்தான் பிள்ளைகள் போதைக்குப் போகிறார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் முழுசாக நம்புவதில்லை. மார்க்கைப் பற்றி வாயே திறக்காத அப்பாக்களின் பிள்ளைகளும் கூல் லிப் என்கிற புகையிலையும் கஞ்சாவும் போடத்தான் செய்கிறார்கள், கூட்டாளி ஒருத்தனும் கைக்கெட்டும் தூரத்தில் சரக்கும் இருந்தால் போதும். ஆனால் மாட்டிக்கொண்ட பிறகு வீட்டில் வாயைத் திறக்கவிடாமல் செய்வது இந்த எதிர்பார்ப்புதான். நகையை அடகு வைத்துத்தான் ஃபீஸ் கட்டினோம் என்று ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் கேட்கிற பையன், "அப்பா, என்னால இந்த மாத்திரையை விட முடியல" என்று எப்படிச் சொல்வான்? மார்க் வருகிற வரைக்கும் அவன் கண்ணையோ தூக்கத்தையோ பணம் போகிற வழியையோ யாரும் பார்ப்பதும் இல்லை.

விஷயம் தெரிந்ததும் சிலர் அறையில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். அது ஆபத்து. கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி போட்டால் மூச்சே நின்றுபோகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14446-க்குப் போன் செய்தால் பக்கத்தில் எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று சொல்வார்கள். போலீஸ் கேஸாகிவிடுமோ என்று பயந்தே பல பேர் போவதில்லை. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவே, அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் சிறிய அளவு வழக்குகளில் விலக்கு தருகிறது.

அந்த அக்கா அப்புறம் வந்தார், கோபமெல்லாம் போயிருந்தது. பையன் பெரியாஸ்பத்திரி வார்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறான், இப்போது மாதாமாதம் காட்டுகிறார்கள். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நாளைக்கு மெடிக்கல் சீட் கிடைச்சா, இங்க காட்டினது காலேஜுக்குத் தெரிய வருமா?" அடுத்த வருஷ கோச்சிங்குக்கு அவன் அப்பா அட்வான்ஸ் கட்டிவிட்டாராம்.